இடது காதில் வராத கிடார்

எங்கள் லேபில் ஆல்பம் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல்செட்டும் பல்லுக்கு மாட்டுகிற கேப்பும் செய்து கொடுக்கிற சின்ன இடம் அது. நாலைந்து மேஜை, ஒரு சூளை, எந்நேரமும் தூசியை உறிஞ்சிக்கொண்டு உறுமும் ஒரு மோட்டார். நான் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுகிறவள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறவர். பக்கத்தில் இருக்கும் சொந்தப் பல் எந்த மஞ்சளோ அதே மஞ்சள் வர வேண்டும். இல்லாவிட்டால் சிரிக்கும்போது அந்த ஒரு பல் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரித் தனியாகத் தெரியும்.

வேலை நேரத்தில் அக்காவின் தலையில் ஒரு பெரிய ஹெட்ஃபோன் இருக்கும். அதற்குள் ஏதாவது ஓர் ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கும். முதல் பாட்டில் தொடங்கினால் கடைசிப் பாட்டு முடிகிறவரை கழற்ற மாட்டார். நடுவில் யாராவது தோளைத் தட்டினால், "இருங்க, இன்னும் ரெண்டு பாட்டுதான்" என்று கையைக் காட்டுவார். முதலாளி தட்டினாலும் அதே கைதான்.

ஆல்டர்நேட்டிவ் ராக், இண்டி பாப் என்று அவர் முதன்முதலில் சொன்னபோது, ஏதோ புது வகைப் பற்பசை என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் என்ன என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"இப்படிப் பாடினாத்தான் விக்கும்னு பெரிய கம்பெனிக்காரங்க சொல்வாங்க இல்ல? அதைக் காதுல வாங்காம, எங்களுக்கு வர்றது இதுதான்னு பாடுறவங்க. சில பேர் கிடாரைப் போட்டு உலுக்கி எடுப்பாங்க. சில பேர் பக்கத்துல உக்காந்து கதை சொல்ற மாதிரி பாடுவாங்க. குரல் பிசிறடிக்கும், அப்படியே விட்டுடுவாங்க. பிசிறே இல்லாத பல்லைப் பாத்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும் இல்ல? பாட்டும் அப்படித்தான்."

அவர் இதில் மாட்டிக்கொண்ட கதையும் பல்லில்தான் தொடங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூடப்போகிற ஒரு சிடி கடையில் எல்லாவற்றையும் கூடையில் கொட்டி வைத்திருந்தார்களாம். ஒன்றின் அட்டையில் பிளாஸ்டர் பல்செட் படம். யாரோ படத்துக்காகச் செய்தது. முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப்பல் இருந்தது. லேபில் காட்டிச் சிரிக்கலாம் என்று வாங்கினார். வீட்டில் போட்டுப் பார்த்தால், நாலு பெண்கள். பாடுகிறவள் முதலில் ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுக்கிறாள். திடீரென்று கிடார்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து கத்துகின்றன. கூடவே அவளும் கத்துகிறாள். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடியும் முணுமுணுப்பு. அக்காவுக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள். புது வீடு, புது மனிதர்கள், எல்லோரிடமும் மெதுவாகவே பேச வேண்டியிருந்த காலம். "எனக்குப் பதிலா அந்தப் பொண்ணு கத்திட்டா" என்பார்.

அதன்பிறகு தேடித்தேடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். பாடகர் பெயர்கள் வாயில் நுழையாததால் அட்டையைப் பார்த்தோ கதையைக் கேட்டோ தானே பெயர் வைத்துவிடுவார். முதலாவது பல் ஆல்பம். கொக்கியில் மஞ்சள் மழைக்கோட்டு தொங்குகிற படம் போட்டது மழைக்கோட்டு ஆல்பம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து பாடியது உடன்பிறப்பு ஆல்பம். துள்ளல் மெட்டில் அழுகிற வரிகளைப் பாடுவார்கள், ஆடிக்கொண்டே கேட்டுவிட்டுப் பிறகுதான் வரிகள் புரியும். ஒரு மனிதர் தன் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து பதிவு செய்தது சமையலறை ஆல்பம். அதில் ஒரு பாட்டின் நடுவே கரண்டி கீழே விழும் சத்தம் கேட்கும். அவர் பாடுவதை நிறுத்தவில்லை, அதை வெட்டவும் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அக்கா சிரிப்பார்.

வீட்டில் இதற்கு ஆதரவு கிடையாது. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், காது மட்டும் பழைய பாட்டுக்குத்தான் திறக்கும். "ஏன் இந்த ஆளு இப்படி முனகுறாரு? கடைவாய்ப்பல்லுல வலியா? உங்க லேபுக்கு வரச் சொல்லேன்" என்பார். கல்லூரியில் படிக்கிற மகளோ எந்தப் பாட்டையும் பாதிக்கு மேல் கேட்காதவள். கட்டைவிரல் எப்போதும் அடுத்ததைத் தள்ளிக்கொண்டே இருக்கும். "ஒரு பாட்டுக்கு முப்பது செகண்டு கொடுப்பேம்மா, அதுக்குள்ள அது என்னை மடக்கணும்" என்பாள்.

ஒரு வாரத்தின் முதல் நாள் காலை. அக்கா வழக்கம்போல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தூரிகையை எடுத்தார். மழைக்கோட்டு ஆல்பம். அதில் இரண்டு கிடார்கள் உண்டு. ஒன்று வலது காதில் மட்டும் கேட்கும், மற்றது இடது காதில் மட்டும். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதுபோல ஒன்று கேட்க, மற்றது பதில் சொல்லும். மூன்றாவது பாட்டில் வலது கிடார் கேள்வி கேட்டது. பதில் வரவில்லை.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி ஒயரை ஆட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். "போச்சுடி, இடது பக்கம் செத்துப் போச்சு" என்றார் என்னிடம். ஆசை ஆசையாக வாங்கியது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் தெருமுனையில் இருக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

ரிப்பேர்க்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார், பிறகு தானே மாட்டிக் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் கழற்றவில்லை.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானேக்கா இருக்கு. பாட்டும் நல்லா இருக்கே, யாரு இது?"

"விளையாடாதீங்க தம்பி. இடது பக்கம் ஒண்ணுமே கேக்கல."

"வேணும்னா திருப்பி மாட்டிப் பாருங்க."

அக்கா ஹெட்ஃபோனை முன்பக்கம் பின்னாகத் திருப்பி, இடதுபக்கத்தை வலது காதில் வைத்து மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து வராத கிடார் இப்போது வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் தெரிந்தது. அடுத்த நொடி அது அப்படியே வடிந்துபோனது. கையை இடது காதின் மேல் வைத்துக்கொண்டார். நல்லாத்தான் இருந்தது ஹெட்ஃபோன். பழுது காதில்.

ரிப்பேர்க்காரர் காசு வாங்கவில்லை. "அக்கா, இன்னைக்கே டாக்டரைப் பாத்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

லேபுக்குத் திரும்பும் வழியில் நான் அவருடைய இடது பக்கம் நடந்தேன். ஏதேதோ பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. கவலையில் பேசாமல் வருகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் வலது பக்கம் வந்தேன்.

கணவருக்குப் போன் செய்தபோது அவர் ஏதோ ஒரு கட்டிடத்தின் உச்சியில் இருந்தார். "அழுக்கு அடைச்சிருக்கும், இல்லன்னா சளியா இருக்கும்" என்றார். அக்காவுக்கும் அதையே நம்ப ஆசை. வேலையும் தலைக்கு மேல் கிடந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் தூரிகையைக் கையில் எடுத்தார். ஆனால் சிறிது நேரத்தில் கணவரே வாசலில் வந்து நின்றார், கையெல்லாம் கிரீஸ். "மனசு கேக்கல. வா, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அழுக்கும் இல்லை சளியும் இல்லை என்றார். கண்ணாடிக் கூண்டு ஒன்றில் உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வலது காதுக்கு அக்கா விடாமல் அழுத்தினார். இடது காதுக்கு மாறியதும் கட்டைவிரல் சும்மா இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் நின்றுகொண்டு அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "அழுத்து, அழுத்துன்னு அவர் வாய் முணுமுணுத்துச்சு. பரீட்சையில காப்பி அடிக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி" என்று பிற்பாடு அக்கா சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "உள்காதுல நரம்பு சம்பந்தப்பட்டது. சில பேருக்குத் திடீர்னு இப்படி ஆகும். ஏன்னு பல தடவை எங்களுக்கே தெரியறதில்ல. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். தேவைப்பட்டா காதுக்குள்ள ஊசியும் போடுவோம். சில பேருக்கு முழுசாத் திரும்பும், சில பேருக்குப் பாதி. திரும்பாதவங்களும் உண்டு. கட்டாயம் வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சீக்கிரம் வந்தீங்க, அது ரொம்ப நல்லது. நிறையப் பேர் சளின்னு நினைச்சு நாளைக் கடத்திடுவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அக்கா கிடார் பதில் சொல்லாத கதையைச் சொன்னார். டாக்டர் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கிடார்காரருக்கு ஒரு கும்பிடு போடுங்க" என்றார்.

லேபில் அரைக்கிற மிஷின் கீச்சென்று கத்தும். அதனால் குணமாகும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் நாற்காலி காலியானதும் எங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முதலாளி ஒவ்வொரு நாளும், "போன் பண்ணினீங்களா? என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்.

வீட்டில் அக்காவின் நிலைமை மோசம். குக்கர் விசில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. அழைப்புமணி அடித்தால் பின்கதவுக்குப் போவார். இடது காதுக்குள் எங்களுடைய மிஷின் மாதிரியே ஒரு கீச்சொலி, நிற்காமல். ஆனால் அவரை உடைத்தது அது எதுவும் இல்லை. சில நாள் கழித்து இடது காதில் ஏதோ கொஞ்சம் கேட்க ஆரம்பித்தது. ஆசையோடு ஸ்பீக்கரில் பல் ஆல்பத்தைப் போட்டார். ஒரே குரல் வலது காதில் ஒரு சுருதியிலும் இடது காதில் வேறொரு சுருதியிலும் விழுந்தது. தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ கேலி செய்வதுபோல இருந்தது. இத்தனை வருஷம் தனக்காகக் கத்திய பெண். அக்கா பாட்டை நிறுத்திவிட்டார்.

"காது போனாக்கூட ஒண்ணு மிச்சம் இருக்கேன்னு தேத்திக்கிட்டேன். ஆனா பாட்டே பிடிக்காமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்டி" என்று போனில் சொன்னார். அவர் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கணவர் கேலியை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். நடக்கும்போது வலது பக்கம் வந்தார். ஒருநாள், "அந்தப் பல்வலிக்காரரு பாட்டைப் போடேன், கேப்போம்" என்றாராம். அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். கேலி செய்தபோதே நன்றாக இருந்தது என்று தோன்றியதாம்.

வழியைக் கண்டுபிடித்தவள் மகள். கல்லூரியிலிருந்து வந்தவள் பையைக்கூட வைக்காமல் அம்மாவின் வலது பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். காதில் செருகுகிற ஒயர் இயர்போன் ஒன்றை எடுத்து, வலதுபக்கத்தை அம்மாவின் நல்ல காதில் வைத்தாள். இடதுபக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் என்ன வருதுன்னு நான் சொல்றேன். நீ உன் பக்கத்தைக் கேளு."

"உனக்கு முப்பது செகண்டுதானே பொறுமை?"

"அதான் ஒரு பக்கக் காது மட்டும்தானேம்மா? அறுபது செகண்டு தர்றேன்."

மழைக்கோட்டு ஆல்பத்தைப் போட்டார்கள். அக்காவுக்கு ஒரே காதில் ஒரே சுருதி. கோணல் இல்லை. வலது கிடார் கேள்வி கேட்டது. மகள் தன் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கவனித்தாள்.

"இப்ப இங்க ஒரு கிடார் வருது. டிங்... டிங் டிடிங்... ஏதோ கோவமா இருக்கு."

"கோவம் இல்ல, கெஞ்சுது. நல்லாக் கேளு."

"இல்லம்மா, கோவம்தான். நீ அந்தப் பக்கம் கெஞ்சுறதை மட்டும் கேக்கறே. இது பதிலுக்கு எகிறுது."

இத்தனை வருஷமாகக் கேட்ட பாட்டில் அப்படி ஒரு சண்டை இருப்பது அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டுக்கொண்டே போனார்கள். மகள் விளக்கம் சொல்வது சில இடங்களில் கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருந்தது. "யாரோ கை தட்டுறாங்க. இப்ப ஒரு பொம்பளை மூச்சு விடுறா. ஐயோ, இந்த டிரம்ஸ்காரரு இருமிட்டாரும்மா!" இருமல் இருப்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் இன்னொருவர் அதைக் கண்டுபிடித்து ஆச்சரியப்படுவதைப் பார்க்கும் சுகமே தனி. ஆல்பம் முடியும்வரை மகளின் கட்டைவிரல் அசையவில்லை. முடிந்ததும், "இது என்னம்மா, ஒரே நாள்ல நடக்கிற கதை மாதிரி இருக்கு? கடைசிப் பாட்டுல அதுல வர்ற பொண்ணு கதவைத் திறந்துட்டாளா இல்லையா?" என்று கேட்டாள். வரிசையாகக் கேட்டால்தான் அந்தக் கேள்வி வரும்.

அதற்குப் பிறகு மாலைதோறும் ஒன்று. உடன்பிறப்பு ஆல்பத்துக்கு மகள் அழுதாள், தனக்குச் சளி என்று சொன்னாள். இடையில் அக்காவுக்குக் காதுக்குள் ஊசியும் போட்டார்கள். தலை சுற்றியது, கீச்சொலி கூடியது, பிறகு குறைந்தது. நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு முற்பகல் வீட்டில் யாரும் இல்லை. அக்கா சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஏதோ உறுமுவதுபோல் இருந்தது. காதுக்குள் புதிதாக இன்னொரு இரைச்சல் கிளம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, துணைக்கு இன்னொன்றா என்று கத்தியை வைத்துவிட்டு நின்றார். அப்போது இடது பக்கம் இருந்த ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓட்டத்தை நிறுத்தியது. உறுமலும் நின்றது.

காதுக்குள் இருக்கும் இரைச்சல் நிற்காது. இது நின்றது. அப்படியானால் இது வெளியே இருந்து வந்த சத்தம்.

அவர் வலது காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜ் மறுபடியும் ஓடுவதற்காகக் காத்து நின்றார். அது எளிதில் ஓடுவதாக இல்லை. கதவைத் திறந்து வைத்தார். சூடு ஏறட்டும் என்று பார்த்தார். கடைசியில் அது உறும ஆரம்பித்தபோது, இடது காதில் அது உறுமலாகவே விழுந்தது. தகரம் இல்லை, கேலி இல்லை. சாதாரணமான, பழைய, மூச்சு வாங்குகிற ஃப்ரிட்ஜ் சத்தம். திறந்த கதவின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியம் ஏதோ எடுக்க வந்த கணவர் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஓடி வந்திருக்கிறார்.

"சும்மா இருங்க," என்றார் அக்கா, வலது காதிலிருந்து விரலை எடுக்காமல். "இந்தப் பக்கம் வந்து ஏதாவது பேசுங்க."

அவர் இடது பக்கம் போய்க் குனிந்தார். "லிஃப்ட்... மூணாவது மாடி..." என்றார் திக்கித் திணறி.

"கேக்குது. மூணாவது மாடி" என்றார் அக்கா.

இரண்டு பேரும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார்களாம். பால் கெட்டுப்போகப் போகிறது என்று கதவைச் சாத்தியவர் கணவர்தான்.

அடுத்த வாரம் மறுபடியும் கண்ணாடிக் கூண்டுச் சோதனை இருந்தது. லேபில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. நான் ஊற்றிய பிளாஸ்டரில் குமிழியாக வந்தது. மதியத்துக்குமேல் பொறுக்க முடியாமல் அக்காவின் நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர் அவர் கணவர். குரலை அடக்கி, ரகசியம் சொல்வதுபோலப் பேசினார்.

"என்ன ஆச்சுண்ணே? ஏன் இப்படிப் பேசறீங்க?"

"நல்ல செய்திதாம்மா. காது கேக்குற அளவுக் கோடு மேல ஏறிடுச்சுன்னு டாக்டர் படத்தைக் காட்டினாங்க. கிட்டத்தட்ட முழுசும் வந்துடுச்சாம். ரொம்ப உச்சத்துல வர்ற சத்தம் மட்டும் கொஞ்சம் மங்கலாவே இருக்கும்போல. டிரம்ஸ்ல ஏதோ தட்டு இருக்காமே, அது இடது பக்கம் துணி போத்தின மாதிரி கேக்குமாம். அது பரவாயில்ல, அவங்க வேணும்னா கொஞ்சம் ஓங்கி அடிக்கட்டும்னு சொல்றா. மாத்திரை போதும், வேலைக்குப் போலாம், காதுக்கு மூடி மட்டும் போட்டுக்கணும்னு சொல்லிட்டாங்க."

"அக்காகிட்ட குடுங்களேன்."

"தூங்குறாம்மா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். உடம்பு சரியாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா. இத்தனை நாளா நல்ல காது மேல இருக்கிற மாதிரிதான் படுப்பா. அது தலகாணியில பொதைஞ்சிட்டா உலகமே அடைஞ்சு போயிடுதுன்னு பயம். புரண்டா உடனே முழிச்சுப்பா. இன்னைக்கு வந்ததும் சோபாவுல விழுந்தா, எந்தப் பக்கம்னு பாக்கவே இல்ல. மேல் வீட்டுல டிரில் போட்டுக்கிட்டு இருக்காங்க, செவுரே அதிருது. இவ குறட்டை விடுறா."

போனை அவர் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும். டிரில் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, மெதுவாக, அக்காவின் குறட்டையும் கேட்டது.

போனை வைத்துவிட்டு லேபில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். முதலாளி எழுந்து போய் உறிஞ்சுகிற மோட்டாரை நிறுத்தினார். அறை திடீரென்று அமைதியானது. "எல்லாரும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கப்பா. மீதியை அப்புறம் பாக்கலாம்" என்றார். நான் குமிழி விழுந்த பிளாஸ்டரைத் தட்டிக் கொட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.